பேசாமல் சுமக்க வேண்டிய பனி

பெர்கோட் ஊரில் தீதாரின் வாயைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் காது கேட்காத கொல்லர். இன்னொருவன் தீதார்.

மற்றபடி ஊரே அவனை ஓட்டை வாயன் என்றுதான் சொல்லும். சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பனியாறு ஊரின் வாசல் வரை இறங்கி வந்து நிற்பதால், கோடை தொடங்கி இலை உதிரும் வரைக்கும் லாகூர்க்காரர்களும் கராச்சிக்காரர்களும் நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, செருப்புக் காலோடு அரை மணி நேரம் நடந்து, பனியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்து வழி காட்டுவது தீதாரின் பிழைப்பு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவன் கொஞ்சம் அதிகமாகவே பிழைத்தான்.

அப்படிப்பட்டவனைத்தான் அந்த வருஷம் பனி சுமக்கப் போகச் சொன்னார் ஊர்த் தலைவர் குர்பான்.

ஊற்று வற்றினால் பனிக்குக் கல்யாணம் செய்துவைப்பது அந்த மலைகளில் வழக்கம். ஊருக்கு மேலே, வெயில் எட்டாத ஓர் இடுக்கில் குழி தோண்டி, ஆண் பனியையும் பெண் பனியையும் ஒன்றாகப் புதைத்து, கரியும் உமியும் போட்டு மூடுவார்கள். கல்லையும் மண்ணையும் போர்த்துக்கொண்டு கறுப்பாகக் கிடப்பது ஆண். நீலம் பாய்ந்து பளிச்சென்று இருப்பது பெண். இரண்டும் ஒட்டிக்கொண்டால் சில வருஷங்களில் அங்கே ஒரு குட்டிப் பனியாறு வளர்ந்து கீழ் வயல்களுக்குத் தண்ணீர் விடும். ஆனால் பனி ரோஷக்காரப் பிறவி. வெட்டிக் கூடையில் வைத்த நிமிஷத்திலிருந்து குழியில் இறக்கும் வரை கூடை தரையைத் தொடக் கூடாது. சுமப்பவர்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சுமப்பவரின் பேச்சு கேட்டால் பனி மிரளும், பிறகு ஒட்டாது.

ஆண் பனியைத் தரையில் வைக்காமல் முதுகு மாற்றிச் சுமக்க இரண்டு பேர் வேண்டும். முதல் ஆளாக நியாத்தின் பெயரைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். நியாத் வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். அதோடு, கடைமடையில் இருக்கும் அவன் கோதுமை வயல்தான் முதலில் காய்ந்தது. இரண்டாவதாகத் தீதார் என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சிரிக்காதீங்கப்பா" என்றார் குர்பான். "சிநேகிதனுங்க ரெண்டு பேரை அனுப்பினா ஒருத்தன் 'பார்த்து வாடா'ம்பான், இன்னொருத்தன் 'சரிடா'ம்பான். போன தடவை அப்படித்தானே கெட்டுச்சு? இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. இவன் வாயைத் திறந்தாலும் யார்கிட்டப் பேசுவான்? பனிகிட்டயா?"

விஷயம் இதுதான். நியாத் வேறு யாருமில்லை, தீதாரின் தங்கை நிகாரின் கணவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் நிகாரின் ஆடு ஒன்று பனியாற்றின் மேல் ஏறித் தொலைந்துபோனது. தாயில்லாத குட்டியாக இருந்தபோது அவள் கிண்ணத்தில் பால் ஊட்டி வளர்த்த ஆடு. அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நியாத் மூடுபனி என்றும் பாராமல் தேடப் போனான். அவனைத் தேடிக்கொண்டு தீதார் போனபோது, எதிரே புகை மாதிரி மூடியிருந்த பனியிலிருந்து முதலில் ஆடு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, கால் வைக்கும் இடத்தில் பிளவு இருக்குமோ என்று பயந்து முட்டி போட்டுத் தவழ்ந்தபடி, பின்னாலேயே நியாத் வந்தான்.

தீதாரால் இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அன்றைக்கே டீக்கடையில் சொன்னான். மறுநாள் சுற்றுலாக்காரர்களிடம் சொன்னான். பிறகு கண், காது, மூக்கு வைத்துச் சொன்னான். நியாத் அழுதான் என்று சேர்த்தான். ஆட்டை 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டான் என்று சேர்த்தான். அது யாருடைய ஆடு, ஏன் போனான் என்பதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லையே. கடைசியில், சாலையோரத்தில் உலர்பழம் விற்கும் நியாத்தின் கடையிலேயே ஒரு வெளியூர்க்காரர் வால்நட் எடை போட்டுக்கொண்டு, "இந்த ஊர்ல ஆட்டை அம்மான்னு கூப்பிட்ட ஆள் யாருங்க?" என்று கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் நியாத் வந்து, "இனிமே உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று ஐந்து வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். நிகாரும் வருவதை நிறுத்திவிட்டாள். புருஷன் தலைகுனிந்த இடத்தில் அவளுக்கு என்ன வேலை?

தீதாருக்கும் வீம்பு. தமாஷுக்குச் சொன்னதற்கெல்லாமா மன்னிப்புக் கேட்பார்கள் என்று இருந்துவிட்டான். ஆனால் இப்போது அவன் மகள் மஹ்ரூக்குக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் வாசல் தாண்டும்போது அவள் வலது தோளில் மாவு தூவி அனுப்ப வேண்டியவள் அத்தை. அத்தை இல்லாத பெண்ணுக்கு வேறு யாராவது தூவலாம். அத்தை நாலு வீடு தள்ளி உயிரோடு இருக்க, வேறொருத்தி தூவினால் அந்தப் பெண் எந்த முகத்தோடு போவாள்? மஹ்ரூக் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் தீதாரின் நெஞ்சை அரித்தது.

ஆகவே, குர்பான் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டான். ஒரு நாள் முழுக்க நியாத்தோடு நடக்கக் கிடைக்கிறதே. பேசக் கூடாது என்ற நிபந்தனை அப்போது அவன் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை, பாப்ளார் மரங்கள் மஞ்சளாக நிற்கும் சாலை வழியாக இரண்டு பேரும் இறங்கினார்கள். நியாத் முன்னால், காலிக் கூடையோடு. தீதார் பின்னால், வாயோடு. பனி வெட்டும் வரை பேசலாம் என்பதால் அவன் பேசிக்கொண்டே வந்தான். கோதுமை, குளிர், புதுப் பாலம், பாலம் கட்டியவனின் மீசை. நியாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாப்ளே, கல்யாணத்துக்கு..." என்று தீதார் ஆரம்பித்ததும் அவன் நடை இன்னும் வேகமானது.

கார் நிற்கும் இடத்தில் டீக்கடை ஹுஸ்னா இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"ஏன்டா தீதாரு, ஊர்த் தண்ணி உன் நாக்குல இருக்காம். எங்க வயல் காய்ஞ்சா உன் நாக்கை அறுத்து உப்புக்கண்டம் போட்டுடுவேன்."

"அக்கா, உனக்கு என் மேல நம்பிக்கையே இல்லையா?"

"துளிகூட இல்ல. இந்தா, வாயைத் திற." கல் மாதிரி காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை அவன் கன்னத்தில் திணித்தாள். "இது கரைய சாயங்காலம் ஆகும். அது வரைக்கும் வாய் சும்மா இருக்கும்."

கடைக்குப் பின்னால் இறங்கும் பாதை தீதாரின் காலுக்கு மனப்பாடம். குட்டை ஓரமாக வளைந்து, பனி தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய கற்குவியல்களுக்கு இடையே ஒற்றையடியாகப் போகும். நாளுக்கு நாலு தடவை போய் வரும் வழிதான். ஆனால் பின்னால் ஆள் இல்லாமல், கேள்வி இல்லாமல் போனது அன்றுதான். எங்கோ உள்ளே பனி முறியும் சத்தம் கேட்டது. காலடிக் கற்களுக்குக் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாக இது ஓடிக்கொண்டா இருந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கறுத்த பனிச் சுவரில் நியாத் கோடாரியால் நாலு போடு போட்டான். ஒரு ஆட்டுக்குட்டி கனத்தில் கட்டி ஒன்று கழன்றது. வைக்கோலில் சுற்றிக் கூடையில் இறக்கி, தீதாரின் முதுகில் ஏற்றினான். அந்த நிமிஷத்திலிருந்து விரதம்.

பாதி வழிகூட வரவில்லை. ஒற்றையடிப் பாதை குறுகும் இடத்தில் எதிரே ஒரு லாகூர்க் குடும்பம். மனைவி, மாமியார், மூன்று மச்சினிகள், எல்லோரும் பளபளக்கும் செருப்பில். முன்னால் வந்த பெரிய மனிதர் தீதாரைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"உஸ்தாத்! என்னைத் தெரியுதா? போன வருஷம் நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க!"

தீதார் தலையாட்டினான். வழி விடும்படி கையைக் காட்டினான்.

"என்ன, பேச மாட்டேங்கறீங்க? அட, கன்னம் வீங்கியிருக்கே! பல் வலியா? பாவம், பாவம். பேசாதீங்க." அவர் குடும்பத்தின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன்ல, ஆட்டு வாலைப் பிடிச்சிட்டு வந்த ஆள் கதை? அதை எனக்குச் சொன்னது இவர்தான். இதே இடத்துலதான் சொன்னார். இப்ப நான் சொல்றேன் பாருங்க, சரியா இருக்கான்னு அவரே பார்க்கட்டும்."

தீதாரின் முகத்தில் ஈயாடவில்லை. கையை ஆட்டினான், தலையை ஆட்டினான். அந்த மனிதர் அதையும் பல் வலிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் கற்குவியல். நடுவில் மாமியார். முதுகில் இறக்க முடியாத சுமை. பின்னால், கை எட்டும் தூரத்தில், நியாத்.

கதை ஆரம்பித்தது. தீதார் சொன்னது ஒரு சாண் என்றால் இவர் சொன்னது ஒரு முழம். ஆள் 'அம்மா, அம்மா' என்று அழுதானாம். மூக்குச் சளியை ஆட்டின் மேலேயே துடைத்தானாம். கால்சட்டை நனைந்துவிட்டதாம். மச்சினிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "இப்படியும் ஒரு கோழையா?" என்றாள் மாமியார், முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவனையும் ஒருத்தி கட்டிக்கிட்டு இருக்காளே!"

தீதார் தன் கதையை முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டான். சொல்லும்போது சொல்பவனுக்குச் சிரிக்கிற முகங்கள்தான் தெரியும். அன்று அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்ட நியாத்தின் மூச்சு. அந்த ஒருத்தி என் தங்கை, அந்த ஆடு அவள் வளர்த்தது, அவள் அழுகை பொறுக்காமல் போனவன் இவன், நான் பார்த்த மனிதர்களில் இவன்தான் கோழை இல்லாதவன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவ்வளவு வெட்கத்தை அவன் ஆயுளில் பட்டதில்லை. வாயைத் திறந்தால் ஊரின் தண்ணீர் போகும். திறக்காவிட்டால் நியாத் இங்கேயே நின்று இதைக் கடைசி வரை கேட்க வேண்டும்.

தீதார் முட்டி போட்டான்.

கூரிய கல்லின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, கூடை முதுகில் இருக்க, மாமியாரின் செருப்புக்கு முன்னால் தவழ ஆரம்பித்தான். இரண்டடி தவழ்ந்து நின்று, ஒரு கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். நான். அந்த ஆள் நான். யாருக்கும் புரியாததால் இன்னும் கொஞ்சம் தவழ்ந்து, இன்னும் பலமாகத் தட்டினான்.

"யா அல்லா!" என்று கூவினார் லாகூர்க்காரர். "நீங்களா? அது நீங்களேவா? சொந்தக் கதையைத்தான் அடுத்தவன் பேர்ல சொன்னீங்களா?"

தீதார் பலமாகத் தலையாட்டினான். ஆட்டிய வேகத்தில் கூடை சரிந்தது. கட்டி கழுத்துப் பக்கமாக உருண்டு, கயிறு நழுவி, கூடை ஒரு சாணில் தரையைத் தொடப்போன நேரத்தில் பின்னாலிருந்து இரண்டு கை வந்து அதன் அடியைப் பிடித்தது. நியாத் குனிந்து பிடித்துக்கொண்டே வர, தீதார் முன்னால் தவழ்ந்தான். நிமிர்ந்தால் கட்டி விழுந்துவிடும், வேறு வழியில்லை.

"பாருங்க, பாருங்க, வாலைப் பிடிச்சிட்டு ஒருத்தர் வேற!" என்று மச்சினி ஒருத்தி கத்தினாள். அந்தக் குடும்பம் சிரித்த சிரிப்பில் வழி தானாகத் திறந்தது. கைதட்டி அனுப்பிவைத்தார்கள்.

கூடை நடுங்குவது தீதாரின் முதுகுக்குத் தெரிந்தது. பிடித்திருந்த கைகள்தான் நடுங்கின. கோபமா, சிரிப்பா? திரும்பிப் பார்க்க முடியவில்லை. எழுந்து கூடையைச் சரிசெய்தபோது நியாத் முகத்தை மலைப் பக்கம் வைத்துக்கொண்டான். கேட்கலாம் என்றால் வாய் இல்லை. தீதாருக்கு அன்று பட்ட கஷ்டத்தில் இதுதான் பெரிய கஷ்டம்.

ஊரைத் தாண்டி மேலே ஏறும் வழி செங்குத்து. முதுகோடு முதுகு ஒட்டி நின்று கூடையை நியாத் வாங்கிக்கொண்டான். அடுத்த பாறையில் மாற்ற வேண்டும். தீதார் முதுகைக் காட்டி நின்றான். நியாத் தாண்டிப் போனான். அதற்கடுத்த பாறையிலும் நின்றான். நியாத் அவனுடைய முட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் தாண்டிப் போனான். அப்போதுதான் தீதார் கீழே பார்த்தான். கால்சட்டை இரண்டு முட்டியிலும் கிழிந்து, ரத்தம் உறைந்து கிடந்தது. ஆனாலும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. இனி என் கை கூடையில் படக் கூடாது என்கிறானா, என் கால் நோகக் கூடாது என்கிறானா? ஏறும் வழி முழுக்க இதையே மென்று விழுங்கிக்கொண்டு வந்தான்.

வேறு இருவர் சுமந்த பெண் பனி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. குழியில் முதலில் நீலம், அதன் மேல் கறுப்பு. குர்பான் பிரார்த்தனை சொல்ல, எல்லோரும் கரியும் உமியும் தள்ளிக் கல் அடுக்கி மூடினார்கள். "முடிஞ்சுது, பேசலாம்!" என்று அவர் கத்தியதும் ஊரே தீதாரைச் சூழ்ந்துகொண்டது.

"எப்படிடா தாக்குப்பிடிச்சே?" "முட்டி என்னடா ஆச்சு?" "சொல்லு, சொல்லு!"

தீதார் வாயைத் திறந்தான். அவன் பார்வை நியாத்தின் மேல் இருந்தது. நியாத் காலிக் கூடையை உதறிக்கொண்டிருந்தான். தீதார் வாயை மூடிக்கொண்டான். "சறுக்கி விழுந்துட்டேன்" என்றான். அவ்வளவுதான். பனிதான் இவன் நாக்கை உறைய வைத்துவிட்டது என்று கூட்டம் கலைந்தது.

நியாத் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் கூடையின் பிரியைத் திருகினான்.

"மச்சான்" என்றான். "அந்த முட்டிக்கு எண்ணெய் போடணும். நிகார்கிட்ட இருக்கு. வா."

தீதார் நொண்டிக்கொண்டு பின்னால் போனான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. விரதம் முடிந்துவிட்டதை அவன் வாய் மறந்துவிட்டது.

நிகார் வாசலில் அண்ணனைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் முட்டியைப் பார்த்தாள். உள்ளே இழுத்துப் போய் அடுப்பருகே உட்காரவைத்து, ஆப்ரிகாட் கொட்டை எண்ணெயைச் சூடு பண்ணினாள்.

"என்னண்ணே இது? யார் தள்ளிவிட்டது?"

தீதார் பதில் சொல்லப் போனான். நியாத் கையைக் காட்டினான்.

"நீ சும்மா இரு. இதை நான் சொல்றேன்."

சொன்னான். கதை சொல்லத் தெரியாத ஆள். மாமியாரை முதலிலேயே கொண்டுவந்து வீணடித்தான். பல் வலியை மறந்துவிட்டுக் கடைசியில் ஞாபகம் வந்து சேர்த்தான். தீதார் நெஞ்சைத் தட்டிய இடத்தில் நிறுத்த வேண்டாமா? நிறுத்தாமல் ஓடினான். தீதாரின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னைப் பற்றிய கதை கெடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கூடையைப் பிடித்த இடம் வந்ததும் நியாத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. மேலே சொல்ல முடியாமல் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அப்பவே வந்துச்சு... அடக்கி... அடக்கி... கூடையே ஆடிப்போச்சு!" இவ்வளவு வார்த்தை அவன் வாயிலிருந்து ஒரே நாளில் வந்ததை நிகார் கண்டதில்லை. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

தீதார் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் பட்ட முட்டி எரிந்தது. அவனுக்கு நன்றாக இருந்தது.

"மாப்ளே" என்றான். "தப்பு என்னுதுதான்."

நியாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ போடு" என்று நிகாரிடம் சொன்னான்.

அவள் எழவில்லை. அண்ணனின் முட்டியில் துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மஹ்ரூக் கல்யாணத்துக்கு நான் என்னைக்கு வரணும்?"

"நாளைக்குக் காலையிலேயே வந்துடு."

"கல்யாணம் அடுத்த மாசம்ல?"

"ஆமா" என்றான் தீதார். "நீ நாளைக்கே வா."